பறவைப் படமும் இயற்கை உண்மையும்

1522ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மகெல்லனுடைய கப்பற் கூட்டத்துள் எஞ்சிய ‘விக்டோரியா’ என்னும் ஒரே மரக்கலம் உலகை ஒருமுறை வலம்வந்து ஸ்பெயின் நாட்டை மீண்டும் அடைந்தது. அது கொணர்ந்த பொருள்களுள் உலர்ந்த பறவைத் தோல்கள் சிலவும் இருந்தன. மொலுக்காத் தீவுகளின் மன்னனொருவன் ஸ்பானிய அரசனுக்குக் கையுறையாக அனுப்பிய அத்தோல்கள், இன்று நாம் சொர்க்கப் பறவை என வழங்கும் இனத்தைச் சேர்ந்தவை. நியூ கினித் தீவின் மக்கள் இப்பறவைகளை வாணிகத்துக்கெனப் பதப்படுத்தும்போது கால்களை நீக்கிவிடுவது வழக்கம். அவ்வழக்கத்தை அறியாத ஐரோப்பியர், பின்னர் வந்த தோல்களைக் கண்டு, கால்களே இல்லாத பறவையொன்று உண்டெனவும், அது நிலத்தில் இறங்காது வானிலேயே வாழ்நாள் முழுதும் பறந்து திரிவதெனவும் நம்பினர். ஓவியர் அவ்வாறே தீட்டினர். நூலோர் அவ்வாறே எழுதினர். அக்கப்பலில் சென்று மீண்ட பிகாபெற்றா என்பார் தமது குறிப்பிலே அப்பறவைக்கு நாணல் போன்ற மெல்லிய கால்கள் உண்டெனத் தெளிவாக எழுதியிருந்தும், படத்தின் முன்னே அவர் சொல் எடுபடவில்லை. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பறவைக்கு இட்ட அறிவியற் பெயரிலும் ‘காலிலி’ என்னும் பொருளுடைய ‘அப்போடா’ என்ற சொல்லே நிலைபெற்றுவிட்டது.

ஒரு கால் வெட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு கண்டத்தாரின் அறிவை மயக்கியதென்றால், படத்திற் செய்யப்படும் சிறு மாற்றத்தின் ஆற்றல் எத்துணைப் பெரிது என்பது விளங்கும். இன்று கமராவும் கணினியும் வீடுதோறும் புகுந்துவிட்டன. பறவையைப் படம்பிடித்து, அதனைத் திருத்தி, அன்றே உலகுக்குக் காட்டுதல் மாணவனொருவனுக்கும் இயல்வதாயிற்று. இந்நிலையில், பறவைப் படத்தைத் திருத்துமிடத்து இயற்கை கெடாது காப்பது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, பறவைப் படக்கலை கடந்துவந்த பாதையை ஒருமுறை திரும்பி நோக்குதல் பயன்றரும்.

முதலில் ஓவியர் காலத்தை நோக்குவாம். நமது நாட்டிலேயே இதற்கு ஒரு சிறந்த தொடக்கம் உண்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த லோட்டன் என்பவர் பறவைகளில் மிக்க ஈடுபாடுடையவர். அவர் கொழும்பிற் பிறந்த டி பெவெரே என்னும் ஓவியரைக்கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தார். அப்பறவைகளை ஒருபோதும் கண்டிராத ஐரோப்பிய ஓவியர் பின்னர் அச்சித்திரங்களைப் பார்த்துப் படியெடுத்தனர். 1776ஆம் ஆண்டில் லண்டனில் பீற்றர் பிறவுண் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. நம் தோட்டங்களிற் காணும் தேன்சிட்டு வகையொன்று இன்றும் லோட்டனின் பெயராலேயே அறிவியல் நூல்களில் வழங்குகின்றது. கண்டவர் வரைந்த படத்தைக் காணாதவர் நம்பியே அறிவு பெற வேண்டியிருந்த காலம் அது. ஆதலின் வரைபவரின் பொறுப்பு மிகப் பெரிதாயிருந்தது.

இப்பொறுப்பை உணர்ந்து உழைத்தவருள் தலையாயவர் அமெரிக்காவின் ஜோன் ஜேம்ஸ் ஓடுபன். 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இவரது ‘அமெரிக்கப் பறவைகள்’ என்னும் பெருநூலில் 435 படங்கள் அடங்கியுள்ளன. முன்னையோர் பஞ்சடைத்த பறவையை விறைத்த நிலையில் வரைந்தனர். ஓடுபனோ புதிதாகச் சுடப்பட்ட பறவையைக் கம்பிகளாற் கட்டமிட்ட பலகையின்மீது பொருத்தி, உயிரோடு அது நிற்கும் நிலையிலும் பறக்கும் நிலையிலும் அமைத்து, உயிரளவிலேயே தீட்டினார். எனினும் அவருக்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மூன்று அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள தாளிலே பூநாரை போன்ற நெடிய பறவை அடங்கவில்லை. ஆகவே அதன் கழுத்தை நிலம்நோக்கி வளைத்து வரைந்தார். பூநாரை இரைதேடும்போது கழுத்தை அவ்வாறு தாழ்த்துவது இயல்பேயாதலின், அது பொய்யாகாது தப்பியது. ஆயினும் அவ்வளைவைத் தேர்ந்தது பறவையன்று, தாளே என்பதை நாம் மறத்தலாகாது. இந்நிகழ்ச்சிக்கு இணையான ஒன்றைப் பின்னரும் காண்போம்.

ஒளிப்படம் தோன்றியபோது, இனிப் பொய்க்கு இடமில்லை எனப் பலர் கருதினர். ஒளியே தன் கையால் எழுதும் எழுத்தன்றோ அது! ஆயின் நடந்தது வேறு. முற்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் உருவம் பதிவதற்கு நெடுநேரம் வேண்டியிருந்தது. உயிருள்ள பறவை அத்துணை நேரம் அசையாதிருக்குமா? 1856ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டினரான லுவலின் என்பவர் நீர்நிலையின் ஓரத்தில் மீனுக்குக் காத்துநிற்கும் நாரையொன்றைப் படம்பிடித்தார். நீரும் நாணலும் மெய்; நாரை மட்டும் பஞ்சடைத்த உடல். அக்காலக் கருவியின் குறைபாட்டை அறிந்தவர் அதனை ஏமாற்றாகக் கொள்ளார். எனினும் ஒளிப்படமும் தன் பிறப்பிலேயே பொய்யுரைக்க வல்லதாயிருந்தது என்பதற்கு அந்நாரை சான்றாக நிற்கின்றது.

இந்நிலையை மாற்றியவர்கள் இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிற் பிறந்த கியர்ற்றன் சகோதரர்களாவர். மூத்தவர் றிச்சாட், இளையவர் செறி. 1892ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இளையவர் லண்டனுக்கு வடக்கேயுள்ள புதரொன்றிற் பாடும் பறவையொன்றின் கூட்டினையும் முட்டைகளையும் இருந்த இடத்திலேயே படம்பிடித்தார். அதுவே இருவரின் வாழ்க்கைப் பணிக்கும் வித்தாயிற்று. 1895ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ‘பிரித்தானியப் பறவைகளின் கூடுகள்’ என்னும் நூல், முற்றாக ஒளிப்படங்களைக் கொண்டே விளக்கப்பட்ட முதல் இயற்கை நூலெனப் போற்றப்படுகின்றது. பறவை அஞ்சாதவாறு அதனை அணுகுவதற்கு அவர்கள் மேற்கொண்ட சூழ்ச்சிகள் வியக்கத்தக்கவை. எருதொன்றின் தோலை உள்ளீடற்ற உருவமாக அமைப்பித்து, அதன் வயிற்றுக்குள்ளே கமராவுடன் புகுந்து மணிக்கணக்காக நின்றனர். மாந்தர் தம்மை மறைத்துக்கொண்டு பறவையைத் தன்னியல்பில் விட்டமையே அவர்கள் வகுத்த புதுநெறி. இயற்கைத் தன்மை என்பது படம் எடுத்து முடிந்தபின் ஊட்டப்படுவதன்று; எடுப்பதற்கு முன்னரே பேணப்படுவது என்னும் உண்மையை அவர்களின் எருது நமக்கு உணர்த்துகின்றது.

இனி, திருத்தம் என்பதே தீதோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். பழைய ஒளிப்படத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையுமே நன்கு உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு இருளாகவே தோன்றின. நம் ஊர்க் கருந்தலை மாங்குயிலை அத்தகட்டிற் பிடித்திருந்தால், அதன் பொன்மஞ்சள் உடலும் கரிய தலையும் வேறுபாடின்றி இருண்டிருக்கும். மீன்கொத்தியின் நீல முதுகோ வெளிறியிருக்கும். 1873ஆம் ஆண்டில் ஜேர்மனியரான வோகல் என்பவர், தகட்டிற் சில சாயங்களைச் சேர்ப்பதால் பச்சை, மஞ்சள் ஆகிய ஒளிகளையும் அது உணருமாறு செய்யலாமெனக் கண்டார். அனைத்து நிறங்களையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்னர் மஞ்சட் பறவையின் படத்தைக் கைவினையாற் சற்று வெளிறச் செய்தவர் பொய் செய்தாரல்லர். கருவி செய்த பொய்யை நீக்கியவரே ஆவர். திருத்தாத படமெல்லாம் மெய், திருத்திய படமெல்லாம் பொய் என்னும் எளிய கொள்கை வரலாற்றின் முன்னே நில்லாது. கருவியின் பிழையைத் திருத்துதல் வேறு. பறவையைத் திருத்துதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையைக் கண்டுகொள்வதே இக்கலையின் அறம் எனலாம்.

இவ்வெல்லை கூடுகளின் அருகிலேயும் மீறப்பட்டதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பறவைப் படங்களிற் பெரும்பாலானவை கூட்டருகே எடுக்கப்பட்டவை. பறவை மீண்டும் மீண்டும் வரும் இடம் அதுவேயாதலின் அங்கே மறைவிடம் அமைத்தனர். கூட்டை மறைத்து நின்ற கிளைகளையும் இலைகளையும் ‘தோட்ட வேலை’ எனப் பெயரிட்டு அகற்றினர். படம் தெளிவாயிற்று, கூடோ வெயிலுக்கும் காகத்துக்கும் திறந்துவிடப்பட்டது. எறிக் ஹொஸ்கிங் என்னும் புகழ்மிக்க ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1937ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் ஆந்தையின் கூட்டருகேயிருந்த தமது மறைவிடத்துக்கு இரவிற் சென்றபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அவர் ஆந்தையைப் பழிக்கவில்லை. தம் பணியையும் கைவிடவில்லை. தன் கூட்டைக் காக்கும் பறவைக்குப் படமும் கலையும் பொருளல்ல என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, பிரித்தானியாவில் அரிய பறவையினங்களைக் கூட்டருகே வேண்டுமென்றே குழப்புதல் குற்றமாகும். அங்கே அவற்றைப் படம்பிடிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும்.

நிறப்படத்தின் வருகை மற்றொரு சிக்கலைக் கொணர்ந்தது. 1907ஆம் ஆண்டில் பிரான்சின் லூமியேர் சகோதரர் நிறத் தகடுகளை விற்பனைக்கு விட்டனர்; 1935ஆம் ஆண்டிற் கொடாக்குறோம் என்னும் நிறப் படச்சுருள் வெளிவந்தது. அதன்பின் பறவையின் நிறமும் சான்றாயிற்று. ஆயின் பறவையின் நிறம் துணியின் சாயம்போல ஒருநிலைப்பட்டதன்று. லோட்டனின் தேன்சிட்டு நிழலிற் கரிய குருவியாகத் தோன்றும். ஞாயிற்றின் கதிர் ஒரு கோணத்திற் படும்போது ஊதாவும் பச்சையும் உலோகம்போல் மின்னும். அம்மினுக்கம் சாயத்தாலாயதன்று, இறகின் நுண்ணமைப்பிலே ஒளி சிதறிக் கலப்பதால் உண்டாவது. ஆகவே நிழலில் இருந்த தேன்சிட்டைக் கணினியால் ஒளிரச் செய்பவர் அதன் அழகை வெளிக்கொணர்வதாக எண்ணிக்கொண்டு, அவ்வேளையில் இல்லாத ஒளியை இட்டுக்கட்டுபவராவர்.

நிறமிகளால் ஆகிய நிறத்திலும் இத்தகைய இடர் உண்டு. வயலில் மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு ஏனைய காலங்களில் வெண்மையானது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் செம்பொன்னிறம் பெறும். பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகு அக்காலத்திற் கறுக்கும். சின்ன வெண்கொக்கின் கரிய கால்களிலே மஞ்சள் விரல்கள் அதன் இனத்தைக் காட்டும் அடையாளம். மாலை வெயிலின் செம்மையை மேலும் மிகுவித்துத் திருத்தும் ஒருவர், மார்கழியில் எடுத்த உண்ணிக்கொக்கைக் கூடுகட்டும் பருவத்ததாக்கிவிடலாம். பார்ப்போர் அழகிய படம் என்பர். பறவை நூலறிஞர் பிழையான பருவக்குறிப்பைப் பதிவு செய்வர்.

இதனிடையே கணினி வந்தது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் ‘நஷனல் ஜியோகிறபிக்’ இதழ், எகிப்தின் கூம்புக் கோபுரங்கள் இரண்டைத் தன் நெடிய அட்டையில் அடக்கும் பொருட்டு, கணினியால் அவற்றை ஒன்றையொன்று நெருங்கச் செய்து வெளியிட்டது. ஓடுபனின் தாள் பூநாரையின் கழுத்தை வளைத்தது. இதழின் அட்டை கற்கோபுரத்தையே நகர்த்தியது. அதனாற் பெருங் கண்டனம் எழுந்தது. 1990ஆம் ஆண்டிற் போட்டோஷொப் என்னும் செயலி வெளிவந்தபின், அவ்வாற்றல் யார் கைக்கும் எட்டுவதாயிற்று. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இடப்பெயர்ச்சிகள்’ என்னும் அமெரிக்கப் படநூலில், விலங்குக் கூட்டங்களின் இடைவெளிகளை அதே விலங்குகளின் படியுருக்களால் நிரப்பியிருந்தமை பெரும் விவாதத்துக்கு இடமளித்தது. மாற்றம் நிகழ்ந்தது முன்னுரையிற் கூறப்பட்டிருந்தும், எந்தப் படத்தில் என்பது படத்தின்கீழே குறிக்கப்படவில்லை. கூட்டத்தின் அடர்த்தியும் இயற்கையின் செய்தியே என்பதை நினைக்கின், அக்கண்டனம் நியாயமானதென்றே தோன்றுகின்றது.

இருபத்தோராம் நூற்றாண்டின் இரு நிகழ்ச்சிகள் இவ்வரலாற்றை முழுவட்டமாக்குகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் தலைப்பரிசு, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வோநாய் பழக்கப்பட்ட விலங்காயிருத்தல் கூடுமென நடுவர் முடிவு செய்து, 2010ஆம் ஆண்டு ஜனவரியிற் பரிசை மீளப்பெற்றனர். அதே போட்டியில் 2017ஆம் ஆண்டிற் பரிசுபெற்ற எறும்புண்ணியின் படமும் 2018ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. படத்திலிருந்தது பஞ்சடைத்த உடலாகவே இருத்தல் வேண்டுமென ஆய்ந்தோர் கூறினர். படம்பிடித்தோர் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். இவ்விரு வழக்குகளிலும் கணினித் திருத்தம் பற்றிய பேச்சே எழவில்லை என்பது நோக்கற்பாலது. 1856ஆம் ஆண்டின் நாரையைப் பற்றி எழக்கூடிய அதே வினாவே நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் எழுந்தது: ‘நான் காண்பது உண்மையில் நிகழ்ந்ததா?’

மேற்கூறிய வரலாற்றிலிருந்து படந்திருத்துவார்க்குச் சில நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். ஒளி குறைந்தோ மிகுந்தோ பதிந்த படத்தை அளவுபடுத்துதல், நிழலின் நீலச் சாயலையோ விளக்கின் மஞ்சட் சாயலையோ நீக்குதல், வில்லையிலே படிந்த தூசின் புள்ளியை அழித்தல், ஓரங்களை நறுக்கிப் பறவையை அண்மைப்படுத்துதல் ஆகிய யாவும் கருவியின் பிழையைத் திருத்துவன, அவை தக்கன. கூர்மையை மிகுவித்தால் இறகின் விளிம்பிலே இல்லாத வெண்கோடு தோன்றும். இரைச்சற் புள்ளிகளை முற்றாகத் துடைத்தால் இறகின் நுண்ணிழைகளும் உடன் அழிந்து, பறவை மெழுகுப் பொம்மையாகும். ஆகவே இவ்விரண்டும் உணவில் உப்புப்போல அளவறிந்து இடற்பாலன. வெண்கொக்கின் வெண்மை ஒளிமிகையால் ஒருமுறை அழிந்துவிட்டால், எந்தத் திருத்தமும் அதன் இறகுகளை மீட்டுத் தராது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அவ்விடத்து இறகுகளை வரைந்து தரும். அவை அக்கொக்கின் இறகுகளல்ல.

சூழலைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியம் ஐந்திணைகளின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளையும் எண்ணுகின்றது. நெய்தற் புள்ளும் மருதப் புள்ளும் தத்தம் நிலத்தினின்றும் பிரித்து எண்ணப்படாதன என்பது நம் முன்னோர் கண்ட நெறி. பறவையின் பின்னேயுள்ள சேற்றையும் முள்ளையும் முறிந்த கிளையையும் அழுக்கென்று அழிப்பவர், அப்பறவை அங்கு ஏன் வந்தது என்பதற்கான விடையையும் அழித்துவிடுகின்றார். முகத்தின் குறுக்கே நின்ற சிறு குச்சியை நீக்குதல் பெருங்குற்றமோ என வினவலாம். அழகுக்காகச் சுவரில் மாட்டும் படமாயின் அது எடுத்தவர் விருப்பம். அறிவுக்குச் சான்றாக வைக்கும் படமாயின், குச்சி நின்றபடியே நிற்க வேண்டும். 2002ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ‘ஈபேர்ட்’ போன்ற உலகப் பதிவேடுகளில், பொதுமக்கள் அனுப்பும் ஒளிப்படங்கள் அரிய பறவைகளின் வருகைக்குச் சான்றாக ஏற்கப்படுகின்றன. எந்தப் படம் நாளை சான்றாகும் என்பதை இன்று யாரும் அறியார். ஆகவே கமரா பதிந்த மூலப் பதிவை அழியாது காத்தலும், செய்த மாற்றத்தைப் படத்தின்கீழே ஒருவரியில் எழுதுதலும் எவர்க்கும் கடமையாகும்.

மன்னாரின் வங்காலைக் கரையிலே பூநாரைக் கூட்டம் வந்திறங்கும் காட்சியை நம்மவர் பலர் படம்பிடித்து வருகின்றனர். அவ்விடம் 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. அங்கு வரும் பூநாரையின் உடல் பெரும்பாலும் வெண்மை கலந்த மென்சிவப்பு. சிறகை விரித்தாலன்றி அதன் செம்மையும் கருமையும் தோன்றா. அச்செம்மையும் அது உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசியிலுமிருந்து பெறுவது. இளம் பறவைகளோ சாம்பல் நிறத்தன. படத்தைத் திருத்துவோர் கூட்டம் முழுவதையும் செந்தாமரை நிறமாக்கிவிட்டால் இளையது எது, முதியது எது எனப் பிரித்தறியும் வழியில்லை. அவ்வாண்டு குஞ்சுகள் எத்துணை வந்தன என எண்ணவும் இயலாது. இப்படங்களைப் பார்த்து வளரும் பிள்ளையொருவன் என்றேனும் ஒருநாள் கரையில் நின்று உண்மைப் பூநாரையைக் காணும்போது, ‘இது அதுவன்று, இது வெளிறியது’ என்று கூறி முகந்திருப்புவானாயின், அதனினும் பெரிய இழப்பு வேறு யாது? காலில்லாப் பறவையைத் தேடிய ஐரோப்பியர்க்கு நேர்ந்த மயக்கமே அவனுக்கும் நேர்ந்ததாகும்.

அத்தோல்களைப் பெற்றவர்கள் கால்கள் நீக்கப்பட்டதை அறியார். ஆதலின் அவர்கள் பிழை மன்னிக்கத்தக்கது. நாமோ நம் கையாலேயே நீக்குகின்றோம், நீக்கியதையும் அறிவோம். ஆகவே படத்தை வெளியிடுமுன் அதனை மூலப் பதிவோடு ஒருமுறை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அன்று அக்கரையில் நம்மோடு நின்ற ஒருவர் அப்படத்தைக் கண்டு, ‘ஆம், இவ்வாறுதான் இருந்தது’ என்று சொல்லக்கூடுமாயின், அத்திருத்தம் தக்கதே.